ஏக்கமும் சான்றும்: அசோகமித்திரனின் செகந்திராபாத்

பெருநகரத்தில் கழிந்த இளமையை நினைவுகூரும் எழுத்துகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளத் தயங்குவோர் உளர். ஏக்கம் கடந்தகாலத்தை அழகுபடுத்திவிடும் என்பது அவர்தம் வாதம். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) நாவலை அவ்வாறு ஒதுக்க இயலாது.

செகந்திராபாத், நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806இல் அமைந்த ஆங்கிலேயப் படைத்தங்கல் நகரம். உசேன்சாகர் ஏரிக்கு அப்பால் நிஜாமின் ஐதராபாத். ரயில்வே ஊழியரின் மகனாக 1931இல் செகந்திராபாத்தில் பிறந்த அசோகமித்திரன், தந்தை மறைந்தபின் 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். ஆகவே, தாம் வளர்ந்த நகரத்தை நாவலாக அவர் வெளியிட்டது அதை நீங்கிக் கால் நூற்றாண்டு கடந்த பின்னரே.

நாவலின் முற்பகுதி இளமை நினைவுகளுக்கே உரிய பொருள்களால் நிறைந்தது: ரயில்வே குடியிருப்பு, கிரிக்கெட், ஆங்கிலோ-இந்திய அண்டைவீட்டார், உடன் ஆடும் முஸ்லிம் இளைஞர். சந்திரசேகரன் சில பகுதிகளில் 'நான்' என்று பேசுகிறான். வேறு சிலவற்றில் 'அவன்' ஆகிறான். இதனை வெறும் உத்தியாகக் கருதுவதில் எமக்கு உடன்பாடில்லை. தன் நினைவைத் தானே அயலார்போல் நின்று விசாரிக்கும் முறை இது.

1947 நவம்பர் 29இல் நிஜாம் இந்தியாவுடன் நிலைநிறுத்த ஒப்பந்தம் செய்துகொண்டார். ரஜாக்கர்களின் கொடுமை பெருகியது. 1948 செப்டம்பர் 13இல் இந்தியப் படை நுழைந்தது; 17இல் நிஜாம் அரசு பணிந்தது. பாடநூல்களில் இது சில நாள்களில் முடிந்த 'போலீஸ் நடவடிக்கை'. அதன்போதும் அதன்பின்னும் மாண்டோர் குறைந்தது 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என மதிப்பிட்ட சுந்தர்லால் குழுவின் அறிக்கையை அரசு பல பதிற்றாண்டுகள் வெளியிடாதிருந்தது.

அவ்வறிக்கை மிகுதியான பாதிப்பைக் கண்டது உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு மாவட்டங்களில். நாவல் காட்டுவதோ நகரத்துத் தெருக்களை. எனவே ஒன்றை மற்றொன்றுக்கு நேர்ச்சான்றாக்குவது பிழை. ஆனால் அறிக்கையின் எண்கள் கூறாத ஒன்று நாவலில் உண்டு. கலவரத்தின்போது சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டினுள் புகுந்துவிடுகிறான். தம்மைத் தாக்க வந்தவன் என அஞ்சிய அவ்வீட்டுச் சிறுபெண், குடும்பத்தைக் காப்பதற்காகத் தன் ஆடைகளைக் களைந்து நிற்கிறாள். எவரையும் தாக்க எண்ணாதவன் அவன். ஆயினும் அவ்வீட்டாரின் கண்களுக்கு அன்று அவன் வென்ற தரப்பினன்.

அருவருப்பும் வெட்கமும் மேலிட அவன் ஓடுகிறான். அவ்வீட்டாருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதை நாவல் கூறவில்லை.