‘ஷல்’, ‘வில்’, ‘மஸ்ட்’: ஆங்கிலத் திருமறையில் துணைவினைகளின் வரலாறு

பேதுருவின் மறுதலிப்பைக் குறித்து ஆண்டவர் முன்னறிவித்த வாக்கை 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசிக்கிறவர் அங்கே ‘ஷல்’ என்னும் துணைவினையைக் காண்பர். யூதாஸைப் பற்றிய வாக்கிலும் அதுவே உள்ளது. பள்ளியில் ஆங்கில இலக்கணம் பயின்ற நம்மவருள் பலர், முன்னிலையிலும் படர்க்கையிலும் ‘ஷல்’ வருமாயின் அது கட்டளையையோ கட்டாயத்தையோ குறிக்கும் என்று மனப்பாடம் செய்தவர்கள். அவ்விதியைக் கையிற்கொண்டு இவ்விடங்களை நோக்குவோர், பேதுரு மறுதலித்தே ஆகவேண்டும் என்று கிறிஸ்து விதித்தார் என்றும், யூதாஸுக்கு வேறு வழி இருந்ததில்லை என்றும் முடிவு செய்துவிடுகின்றனர். இத்தகைய விளக்கத்தை அருளுரைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் காண்பது அரிதன்று. முன்குறித்தலைப் பற்றிய கொள்கை சரியா தவறா என்பது வேறு வினா. அக்கொள்கையை இத்துணைவினையின்மேல் கட்டலாகாது என்பதையே நாம் ஈண்டுக் காட்ட விரும்புகிறோம். கிரேக்க மூலத்தில் அவ்விரு இடங்களிலும் இருப்பது வெறும் எதிர்கால வினைமுற்று.

ஆங்கிலத்தின் இச்சொற்கள் தொடக்கத்தில் துணைவினைகளாக இருக்கவில்லை. முழுப்பொருள் தரும் தனி வினைகளாகவே வழங்கின. ‘வில்’ என்பது விரும்புதலைக் குறித்தது. ‘கேன்’ என்பதன் பழம்பொருள் அறிதல். ஒன்றைச் செய்ய அறிந்தவன் அதைச் செய்ய வல்லவன் ஆதலால் அறிவு ஆற்றலாயிற்று. ‘மே’ வலிமையுடைமையைக் குறித்து, பின்னர் ஆற்றலையும், அதன்பின் இயலுமையையும் அனுமதியையும் குறிக்கலாயிற்று. ‘மஸ்ட்’ என்பதன் வரலாறு வியப்புக்குரியது. பழைய ஆங்கிலத்தில் அனுமதி பெற்றிருத்தலைக் குறித்த ஒரு வினையின் இறந்தகால வடிவமே அது. அனுமதி எவ்வாறோ கட்டாயமாக மாறி, இறந்தகாலம் நிகழ்காலமாயிற்று.

‘ஷல்’ என்பதன் அடிப்பொருளோ கடன்பட்டிருத்தல். ஜெர்மானிய மொழியில் கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும் ‘ஷுல்ட்’ என்னும் சொல் இதே வேரிலிருந்து வந்தது. லுத்தர் மொழிபெயர்த்த கர்த்தருடைய ஜெபத்தில் அச்சொல்லைக் காணலாம். ‘ஆட்’ என்பதும் கடன்படுதலைக் குறிக்கும் வினையின் இறந்தகால வடிவமே. 1526இல் வெளிவந்த திண்டேலின் புதிய ஏற்பாட்டிலும் 1611ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலும், மத்தேயு 18ஆம் அதிகாரத்து உவமையில் நூறு வெள்ளிக்காசு கடன்பட்டிருந்தவனைக் குறித்து ‘ஆட்’ என்றே அச்சிடப்பட்டிருந்தது. பிற்காலப் பதிப்புகளே அதைத் திருத்தின. அவ்வுவமையில் கடனைக் குறிக்கும் கிரேக்க வினைதான், யோவான் 13ஆம் அதிகாரத்தில் சீடர் ஒருவர் பாதங்களை ஒருவர் கழுவக் கடமைப்பட்டவர்கள் என்பதையும் குறிக்கிறது. தமிழிலும் ‘கடன்’ என்னும் ஒரே சொல் வாங்கிய பொருளையும் செய்யவேண்டிய பணியையும் சுட்டுவதால், இவ்விடத்தை விளக்க நமக்கு ஆங்கிலத்தின் துணை வேண்டியதில்லை.

இனி ‘ஷல்’ எவ்வாறு எதிர்காலத்தின் அடையாளமாயிற்று என்பதைக் காண்போம். ஆங்கிலத்துக்கெனத் தனி எதிர்கால வினைவடிவம் கிடையாது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்லிஃபின் வழிவந்தோர் லத்தீன் மறையைப் பெயர்த்தபோது, லத்தீனின் எதிர்கால வினைக்குப் பெரும்பாலும் ‘ஷல்’ என்பதையே அமைத்தனர். ‘விரும்புகிறேன்’ எனப் பொருள்படும் லத்தீன் வினைக்கு ‘வில்’ என்பதை ஒதுக்கி வைத்தனர். திருமறை ஆங்கிலத்தில் இவ்வழக்கு வேரூன்றியது. ஆகவே பேதுருவைக் குறித்த ‘ஷல்’ நிகழப்போவதை அறிவிக்கிறதேயன்றி அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. பத்துக் கட்டளைகளில் அதே சொல் கட்டளையாக ஒலிப்பதற்குக் காரணம், எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் லத்தீனிலும் அங்கே எதிர்கால வடிவத்துக்கு ஒப்பான வினைகளே கட்டளைப்பொருளில் நிற்பதுதான். கட்டளை என்பதை இடம் காட்டுகிறது, சொல் காட்டவில்லை.

பள்ளி இலக்கண விதி பின்னர் எழுந்ததே. அதை வகுத்தவரும் ஒரு குருவானவர் என்பது நம் வாசகர்க்குச் சுவையளிக்கக் கூடும். வெஸ்ட்மின்ஸ்டர் பேரவையின் எழுத்தர்களுள் ஒருவராகப் பணியாற்றி, 1649 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் வடிவகணிதப் பேராசிரியராய் இருந்த ஜான் வாலிஸ், 1653இல் அயல்நாட்டாருக்கென லத்தீனில் ஓர் ஆங்கில இலக்கணம் இயற்றினார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இறையியல் நூல்களைப் படிக்க விழைவோருக்கு உதவுவதும் அவர் நோக்கங்களுள் ஒன்று. தன்மையில் ‘ஷல்’ முன்னறிவிப்பு, ‘வில்’ வாக்குறுதி அல்லது அச்சுறுத்தல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இவை இடம் மாறும் என்பது அவர் விதி. எபிரெயக் கவிதையைப் பற்றிய விரிவுரைகளால் நாம் அறிந்த ராபர்ட் லோத், பேராயர் ஆவதற்கு முன்னரே, 1762இல் வெளியிட்ட தம் இலக்கணத்தில் இவ்விதியை ஏற்றார். ஆயினும் முன்னாளில் இவ்வேறுபாடு பேணப்படவில்லை என்றும், வழக்கிலிருந்த திருமறை மொழிபெயர்ப்பே அதற்குச் சான்று என்றும் குறிப்பெழுதினார். அக்குறிப்பைப் பள்ளி நூல்கள் விட்டுவிட்டன. விதியை மட்டும் நமக்குக் கொடுத்தன. 1925இல் சார்லஸ் ஃப்ரீஸ் என்னும் அமெரிக்க அறிஞர் நாடகங்களை ஆராய்ந்து, மக்கள் வழக்கு இவ்விதியின்படி நடந்ததேயில்லை எனக் காட்டினார்.

‘வில்’ விளைக்கும் மயக்கம் இதற்கு நேர்மாறானது. லூக்கா 13:31இல் பரிசேயர் ஏரோதைக் குறித்து எச்சரிக்குமிடத்தில் 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘வில்’ என்கிறது. இன்றைய வாசகர் இதை, ஏரோது கொல்லுவான் என்னும் முன்னறிவிப்பாக வாசிப்பார். மூலம் கூறுவதோ அவன் கொல்ல விரும்புகிறான் என்பதே. 1881ஆம் ஆண்டின் திருத்திய மொழிபெயர்ப்பு இதைத் தெளிவாக்கிற்று. யோவான் 5:40 இன்னும் முக்கியமானது. அங்கே மறுக்கப்படுவது வருகை அன்று, வருவதற்கான மனமே. ‘வரமாட்டீர்கள்’ என்பதற்கும் ‘வர மனமில்லை’ என்பதற்கும் உள்ள இடைவெளியில் மனிதப் பொறுப்பு பற்றிய இறையியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. மத்தேயு 16:25இலோ, உயிரைக் காக்க விழைதல் ‘வில்’ என்றும், அதை இழத்தல் ‘ஷல்’ என்றும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன. முன்னது விருப்பம், பின்னது விளைவு.

‘மஸ்ட்’ மற்றொரு வழியில் பொருள் பெருக்கியது. கட்டாயத்தைக் குறித்த அச்சொல், பிற்காலத்தில் ஒருவரைப் பற்றி நாம் ஊகித்து அடையும் உறுதியையும் குறிக்கலாயிற்று. மெலித்தா தீவில் பவுலின் கையில் பாம்பு தொங்கக் கண்ட மக்கள் அவனைக் கொலைகாரன் என ஊகித்தனர். 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் ‘ஐயமில்லை’ என்னும் பொருளுடைய தொடர் நின்ற அவ்விடத்தில், 1970களில் வெளிவந்த புதிய சர்வதேச மொழிபெயர்ப்பு ‘மஸ்ட்’ என்பதை அமைத்தது. 1 தீமோத்தேயு 3:2இலும் கண்காணியைக் குறித்து அதே ‘மஸ்ட்’ உண்டு. ஆனால் ஆங்கே கிரேக்கத்தில் இருப்பது கட்டாயத்தைக் குறிக்கும் ‘தேய்’ என்னும் வினை. கண்காணி குற்றமற்றவராகவே இருப்பார் என்று சபை ஊகித்துக்கொள்ளும்படி அப்போஸ்தலன் எழுதவில்லை. குற்றமற்றவரா என்று ஆராயும்படி எழுதினான். நம் ‘இருக்கவேண்டும்’ என்பதும் இவ்விரு பொருளையும் தாங்குவதால், தமிழில் போதிப்போர்க்கும் இம்மயக்கம் உண்டு. மெலித்தாவினர் நெடுநேரம் காத்திருந்தபின் தம் ஊகத்தை மாற்றிக்கொண்டு பவுலைத் தேவன் என்றனர் என்பதையும் லூக்கா சொல்லாமல் விடவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது மத்தேயு 5:48. பிதாவைப்போல் நிறைவுடையோராதலைப் பற்றிய அவ்வசனத்தில் மூலம் எதிர்கால வினையையே கொண்டுள்ளது. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பாளர் அதை ஏவல் வினையாக்கினர். 1881இல் திருத்தியோர் ‘ஷல்’ என்று மாற்றினர். 1946இல் வெளிவந்த அமெரிக்கத் திருத்தம் ‘மஸ்ட்’ என்றது. கட்டளை எதுவும் வாக்குத்தத்தத்தை உள்ளடக்கியதே எனக் கருதிய ஜான் வெஸ்லியின் வழியினர்க்கு நடுவிலுள்ள சொல்லே இனிக்கும். ஏனெனில் கட்டளை, வாக்குத்தத்தம் ஆகிய இரண்டுக்கும் அது இடங்கொடுக்கிறது. ‘மஸ்ட்’ அக்கதவை அடைத்துவிடுகிறது என்பது நம் கருத்து. 1989ஆம் ஆண்டின் புதிய திருத்தம் அச்சொல்லைக் கைவிட்டு மீண்டும் ஏவலுக்கே திரும்பியது.