கண்டக்கழலையும் வன்னிநாடும்

கழுத்து வீக்கத்துக்கு நம்மவர் வழங்கும் ‘கண்டமாலை’ என்னுஞ் சொல் பெருங்குழப்பம் விளைத்த ஒன்றாகும். மாலைபோல நிரையாகத் தோன்றும் கட்டிகளையே சித்த மருத்துவர் இப்பெயரால் அழைத்தனர். அவற்றுட் பல, இன்றைய அறிவின்படி, நிணநீர்க் கணுக்களைப் பற்றிய காசநோயே. பிற்காலத்தார் கேடயச் சுரப்பியின் வீக்கத்துக்கும் அப்பெயரையே சூட்டினர். இதனைக் கண்டக்கழலை எனல் தகும். விழுங்கும்போது கழலை மேலெழும். கணுக்கட்டி பெரும்பாலும் அவ்வாறு எழுவதில்லை. கணுக்கட்டி காசநோயாயின் பல மாதங்கள் மருந்துண்ணல் வேண்டும். அதனைக் கழலையென மயங்கிக் காலங்கடத்துதல் ஆபத்தானது.

1811 இல் கடற்பாசிச் சாம்பரில் அயடீன் கண்டறியப்பட்டது. 1820 இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதனைக் கழலைக்கு மருந்தாக்கினார்.

இலங்கையிற் கண்டக்கழலை பெரிதும் ஈரவலயத்துக்குரிய நோயாகவே இருந்துவந்துள்ளது. அங்கு பெருமழை மண்ணின் அயடீனை அரித்துச் செல்வதே காரணம் என்பர். வன்னி அமைந்த வறண்ட வலயத்திலோ நிலத்தடி நீரில் அயடீன் பொதுவாக மிகுதி. ஆனையிறவு உப்பை உண்டதனால் வன்னிமக்கள் தப்பினர் எனக் கருதுதல் பொருந்தாது. கடலுப்பில் இயல்பாயுள்ள அயடீன் மிகச் சொற்பம். காத்தது கிணற்றுநீரே எனல் பொருந்தும்.

1986 இல் 17 மாவட்டங்களில் நடந்த ஆய்வில், பாடசாலை மாணவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேரிடம் கழலை காணப்பட்டது. 1995 இல் உணவு உப்பில் அயடீன் சேர்த்தல் சட்டமாயிற்று. அப்போது ஆனையிறவு உப்பளமோ 1990 முதல் போரினால் மூடிக்கிடந்தது. 2025 இல் அங்கு உணவு உப்பு ஆலை திறக்கப்பட்டது.