ஒரு காஜியின் ஐயமும் கோதுமை மணிகளும்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு கோதுமை மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு. இவ்வாறு 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தருமாறு, அவ்விளையாட்டை உருவாக்கிய ஸிஸ்ஸா இப்னு தாஹிர் மன்னரிடம் பரிசு கேட்டாராம். அற்பமான கோரிக்கை என்று மன்னர் எண்ணினார். கணக்கர்களோ, அரசுக் களஞ்சியங்கள் யாவும் போதா என்றனர்.

டமாஸ்கஸ் நகரின் காஜியாக விளங்கிய இப்னு கல்லிகான் (1211–1282), ‘வஃபயாத்துல் அஃயான்’ என்னும் தம் நூலில் இக்கதையைப் பதிவு செய்துள்ளார். தொகை அத்துணைப் பெரிதாகுமா என்பதில் தமக்கே ஐயம் இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. அந்த ஐயத்தை நீக்கியவர் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கணக்கர் ஒருவர்.

அவர் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினார். 16ஆம் கட்டத்தில் 32,768 மணிகள். அதனை ‘கதஹ்’ என்னும் ஒரு முகத்தல் அளவாகக் கொண்டார். மேலும் இரட்டித்துச் சென்று, 40ஆம் கட்டத்தில் சேர்வதை ஒரு களஞ்சியம் என்றார். 50ஆம் கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள். அவற்றை ஒரு நகரம் என்று கொண்டால், 64ஆம் கட்டத்திற்கு மட்டும் 16,384 நகரங்கள் வேண்டும்!

இன்று நம் பிள்ளைகள் இதனைப் பெருக்குத் தொடர்வரிசை என்று கற்கின்றனர். முதல் உறுப்பு 1, பொது விகிதம் 2. கட்டத்தின் வரிசை எண்ணில் ஒன்றைக் கழித்து, அத்தனை முறை 2ஆல் பெருக்கினால் அக்கட்டத்திற்குரிய எண் கிடைக்கும். 16ஆம் கட்டத்திற்கு 15 முறை.

இப்னு கல்லிகானுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, அல்பீரூனி ‘அல் ஆஸாருல் பாக்கியா’ நூலில் இதன் மொத்தத்தைக் கணித்திருந்தார். வர்க்கப்படுத்துதலே அவர் கண்ட சுருக்கவழி. 2இன் வர்க்கம் 4; பின்னர் 16, 256, 65,536 என ஆறு முறை வர்க்கப்படுத்தினால் 65ஆம் கட்டம் ஒன்று இருந்தால் அதற்குரிய எண் வந்துவிடும். எந்தக் கட்டம் வரையிலான கூட்டுத்தொகையும் அடுத்த கட்டத்தைவிட ஒன்று குறைவு: 1, 2, 4 ஆகியவற்றின் கூடுதல் 7, அடுத்தது 8. ஆகவே மொத்தம் 18,446,744,073,709,551,615 மணிகள்.

மக்களின் வழக்குகளுக்குத் தீர்ப்பளித்த காஜி, ஒரு கணக்கரின் தாளைக் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அதைத் தம் நூலிலும் எழுதி வைத்தார். நம் பிள்ளை “நம்ப முடியவில்லை” என்று சொல்லும்போது கடிந்துகொள்ளாமல், ஒரு தாளை எடுத்து அதனுடன் அமர்வோமாக.