தரவுத் தொடர் (விரிதாள் வரைபடம்)

விரிதாள் மென்பொருள்களில் தரவுத் தொடர் என்பது ஒரு வரைபடத்தில் ஒரே கோடாகவோ ஒரே நிறப் பரப்பாகவோ வரையப்படும் எண்களின் வரிசை ஆகும். பொதுவாக ஒரு நிரலில் உள்ள எண்கள் ஒரு தொடராக அமையும். அந்நிரலின் தலைப்பு தொடரின் பெயராகும். பொருளாதாரத் தரவுகளுக்குக் கோட்டு வரைபடத்தை இசுக்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட நூலில் பயன்படுத்தினார். கோட்டிற்குக் கீழுள்ள பகுதி நிறத்தால் நிரப்பப்பட்டால் அது பரப்பு வரைபடம் எனப்படும்.

எடுத்துக்காட்டுத் தரவு

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலும், இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின் ஏலங்களில் ஏலமலைச் சரிவுகளில் விளையும் ஏலக்காய் விற்கப்படுகிறது. ஒவ்வோர் ஏலத்திற்கும் தேதி, ஏல நிறுவனம், குவியல்களின் எண்ணிக்கை, வரத்து, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை ஆகியவற்றை வாரியம் வெளியிடுகிறது. சரக்கை இருப்பில் வைத்திருக்கும் விவசாயி விற்பதா, பொறுப்பதா என்று முடிவெடுக்க இவ்விலைகளின் போக்கையே பார்க்கிறார். ஆகவே வரைபடம் தவறாக அமைந்தால் முடிவும் தவறாகக்கூடும்.

தொடரை அமைத்தல்

மைக்ரோசாப்ட் எக்செலில் ஒரு கோட்டைச் சொடுக்கினால் சூத்திரப் பட்டையில் சீரீஸ் என்னும் சூத்திரம் தோன்றும். தொடரின் பெயர், கிடை அச்சின் குறிகள், மதிப்புகள், வரிசை எண் ஆகிய நான்கும் அதில் இதே ஒழுங்கில் இருக்கும். தேதிகள் உரையாக உள்ளிடப்பட்டிருந்தால் அவற்றை முதலில் தேதி வடிவிற்கு மாற்ற வேண்டும். இல்லையெனில் இடையில் விடுபட்ட நாட்களுக்கு அச்சில் இடம் கிடைக்காது.

ஒரே நாளில் இரண்டு ஏலங்கள்

ஒரே தேதியில் இரண்டு ஏலங்கள் நடைபெற்றால் தேதி அச்சில் இரு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கோடு செங்குத்தாகும். எனவே வரையும் முன் அவற்றை ஒரே மதிப்பாக்குதல் நன்று. முதல் ஏலத்தில் 60,000 கிலோ சராசரி 1,000 ரூபாய்க்கும், இரண்டாம் ஏலத்தில் 20,000 கிலோ சராசரி 1,400 ரூபாய்க்கும் விற்றதாகக் கொள்வோம். இரு சராசரிகளின் நடுமதிப்பு 1,200 ரூபாய். ஆனால் அளவையும் கணக்கில் கொண்ட உண்மையான சராசரி 1,100 ரூபாயே ஆகும்.

அதிகபட்ச விலையும் சராசரி விலையும்

2018இன் பெருவெள்ளம், அதன் பின் வந்த வறட்சி ஆகியவற்றால் விளைச்சல் குன்றி, 2019 ஆகத்தில் அதிகபட்ச விலை கிலோவிற்கு 7,000 ரூபாயைத் தொட்டது. அவ்விலை ஒரு குவியலுக்குக் கிடைத்தது மட்டுமே. சராசரி விலை அதைவிட மிகவும் குறைவு. பின்னர் விலை சரிந்து 2022இல் சராசரி 1,000 ரூபாய்க்கும் கீழே சென்றது. அதிகபட்ச விலையை மட்டும் தொடராக வரைந்தால் பெரும்பாலோருக்குக் கிடைத்த விலை மறைந்துவிடும். இரண்டையும் ஒரே அச்சில் இரு கோடுகளாக வரைவதே முறை.

பரப்புகளை அடுக்குதல்

அடுக்குப் பரப்பு வரைபடத்தில் ஒரு தொடரின் மேல் மற்றொன்று கூட்டப்படுகிறது. ஆகவே கூட்டினால் பொருள்தரும் தொடர்களையே அடுக்க வேண்டும்.

* விலைகளை அடுக்கக் கூடாது. அதிகபட்ச விலையும் சராசரி விலையும் சேர்ந்த தொகைக்குப் பொருள் இல்லை.
* வரத்தையும் விற்ற அளவையும் அடுக்கக் கூடாது. விற்ற அளவு வரத்தின் ஒரு பகுதி என்பதால் அது இருமுறை எண்ணப்படும்.
* விற்ற அளவையும் விற்காத அளவையும் அடுக்கலாம். மேல்விளிம்பு மொத்த வரத்தைக் காட்டும்.

அடுக்காத பரப்பு வரைபடத்தில் பெரிய தொடர் முன்னே நின்றால் சிறியது மறையும். அப்போது தொடர்களின் வரிசையை மாற்றிப் பெரியதைப் பின்னே வைக்க வேண்டும்.

ஏலம் நடைபெறாத நாட்கள்

2020இல் கொரோனா பொதுமுடக்கத்தின்போது பல வாரங்கள் ஏலம் நடைபெறவில்லை. இத்தகைய வெற்றுக் கலங்களை இடைவெளியாக விடவும், சுழியமாகக் கொள்ளவும், இரு புறப் புள்ளிகளைக் கோட்டால் இணைக்கவும் எக்செல் வழி தருகிறது. சுழியம் என்றால் விலை வீழ்ந்ததாகப் பொருள்படும். இணைத்தால் இல்லாத விலைகள் இருந்ததாகத் தோன்றும். இடைவெளியே உண்மைக்கு நெருக்கமானது. அந்நாட்களுக்குரிய நிரையே தரவில் இல்லையெனில் கோடு தானாக இணைந்துவிடும். தேதியை மட்டும் இட்டு, விலைக் கலத்தை வெறுமையாக விட்ட நிரை ஒன்றைச் சேர்த்தால் கோடு முறியும். பரப்பு வரைபடத்திலோ இடைவெளியும் சுழியமாகவே வரையப்படுகிறது. எனவே விலைக்குக் கோட்டு வரைபடமும், அளவிற்குப் பரப்பு வரைபடமும் பொருத்தமானவை.

இவற்றையும் பார்க்க

* விரிதாள்
* ஏலக்காய்
* போடிநாயக்கனூர்