பல்லவன் வண்டியில் வந்தவர்கள்

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் ஒரு சரித்திரக் கட்டுரை கேட்டார்கள். கல்லூரிக் கட்டடம் எழும்பிய கதை, முதல்வர்களின் வரிசை, ஹாக்கி அணியின் வெற்றிகள் எல்லாம் முந்தைய மலர்களிலேயே வந்துவிட்டன. நம்மில் முக்கால்வாசிப் பேரைத் தினமும் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்ட ஒன்றைப் பற்றி மட்டும் இதுவரை யாரும் எழுதக் காணோம். ஹாஸ்டல்வாசிகள் மன்னிக்கவும். இது டே ஸ்காலர்களின் சரித்திரம்.

நான் பி.ஏ. வரலாறு சேர்ந்தது 1981-ல். அப்போது சென்னையில் ஓடியது பல்லவன் போக்குவரத்துக் கழகம். நம் ஊர் கண்டக்டருக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு, வெளியூர்க்காரர்கள் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள். அவர் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். காசுதான் கை மாறி கை மாறி அவரிடம் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். "கொஞ்சம் பாஸ் பண்ணுங்க" என்பதுதான் கல்லூரிக்கு வந்த புதிதில் நான் கற்ற முதல் நகரத்துத் தமிழ். அத்தனை கூட்டத்திலும் சில்லறை குறையாமல் வந்து சேரும். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் பானட். மே மாதத்தில் அதன் அருகே நின்றால் அடுப்படிதான். ஆனாலும் அதன் மேல்தான் எல்லோருடைய நோட்டும் டிபன் பாக்ஸும் குவிந்திருக்கும்.

பழைய வண்டிகளை எப்போது தூக்கி எறிவது, புதியதற்குப் பணம் யார் கொடுப்பது என்ற கேள்வி இந்த நகரத்துக்குப் புதிதல்ல. 1895-ல் இங்கே மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. ஐம்பது வருஷத்துக்கும் மேல் ஓடி, தண்டவாளமும் பெட்டியும் தேய்ந்து, கம்பெனியும் நஷ்டத்தில் மூழ்கி, 1953 ஏப்ரலில் நின்றே போனது. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது பஸ். அந்த பஸ்ஸும் அப்போது வாலிபமாக இருந்ததாகச் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் ரேஷன். வண்டியின் பின்னால் பெரிய உருளை ஒன்றைக் கட்டி, அதில் கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓட்டினார்கள். என் தாத்தா அதை 'கரி பஸ்' என்பார். மேட்டில் ஏறும்போது பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்களாம். போர் முடிந்தபோது தனியார் முதலாளிகளிடம் மிஞ்சியிருந்தவை அப்படி ஓடிக் களைத்த வண்டிகள்தான். 1947-ல் சென்னை மாகாண அரசு 30 பேருந்துகளோடு தானே களத்தில் இறங்கியது. அடுத்த வருஷத்துக்குள் நகரப் பேருந்து முழுவதும் அரசின் கைக்கு வந்துவிட்டது.

1972 ஜனவரி 1-ஆம் தேதி அந்த அரசுத் துறை பல்லவன் போக்குவரத்துக் கழகம் என்ற நிறுவனமாயிற்று. ஆரம்பத்தில் 1,029 பேருந்துகள். மாடி பஸ், டிரெயிலர் பஸ் என்று பல சோதனைகள் நடந்த காலம் அது. தாம்பரத்துக்கும் பாரிமுனைக்கும் ஓடிய 18ஏ மாடி பஸ்ஸின் மேல்தளத்து முதல் வரிசை சீட்டுக்கு நடந்த சண்டைகளை எழுதினால் தனி மலரே போடலாம். பெயர் மாறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1994-ல் பல்லவனிலிருந்து டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. 1997-ல் தலைவர்கள் பெயர்களும் மன்னர்கள் பெயர்களும் எல்லாக் கழகங்களிலிருந்தும் நீக்கப்பட்டன. 2001-ல் இரண்டும் மறுபடி ஒன்றாகி மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆனது. எங்கள் செட் ஆட்கள் மட்டும் இன்றைக்கும் 'பல்லவன் பஸ்' என்றுதான் சொல்கிறோம்.

வண்டி எப்படிக் கிழடாகிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் வகுப்புத் தோழன் ஒருவனின் அப்பா. குரோம்பேட்டை பணிமனையில் பாடி கட்டும் பிரிவில் வேலை பார்த்தவர். எண்ணூர் லேலண்டிலிருந்து வெறும் சேஸிஸ்தான் வரும். டிரைவர் ஹெல்மெட்டும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, கூரை இல்லாத அந்த எலும்புக்கூட்டை ஓட்டி வருவார். மற்றதெல்லாம் இவர்கள் கைவேலை. இரும்புச் சட்டம், அலுமினியத் தகடு, தரைக்குப் பலகை, சீட், ஜன்னல் கம்பி.

அவர் சொல்வார்: "எஞ்சின் சாகாதுப்பா. இறக்கி, பிரிச்சு, ரீகண்டிஷன் பண்ணி ஏத்திடலாம். டயருக்கு ரீட்ரெட் இருக்கு. சாவுறது பாடிதான்." கடற்கரை ஊர் நம்முடையது. உப்புக் காற்றும் மழைத் தண்ணீரும் சட்டத்தின் மூலைகளில் தங்கித் துருவை வளர்க்கும். பெயிண்டுக்கு அடியில் நடப்பது வெளியே தெரியாது. தரைப் பலகை கீழிருந்து ஊறும், மேலே இருந்து ஆயிரம் கால்கள் மிதிக்கும். அதனால் அவர் எந்த பஸ்ஸில் ஏறினாலும் முதலில் குதிகாலால் தரையை இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே பலகையின் ஆயுளைச் சொல்லிவிடுவார். 'கண்டம்' ஆன வண்டிகளில் நல்ல பாகம் இருந்தால் கழற்றி வேறு வண்டிக்கு மாட்டிவிட்டு, மிச்சம் ஏலத்துக்குப் போகும். அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி என் தோழன்தான்.

இங்கே பஸ் டே பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. வருஷத்தில் ஒரு நாள் நம் ரூட் வண்டிக்கு வாழை கட்டி, டிரைவர், கண்டக்டருக்கு மாலை போட்டு, இனிப்பு கொடுத்து வருவோம். தினமும் ஏற்றி வந்தவர்களுக்கு நன்றி, அவ்வளவுதான் விஷயம். பிற்காலத்தில் நகரத்தில் அது 'ரூட் தல' சண்டையாகவும் கூரை மேல் ஆட்டமாகவும் மாறி, நீதிமன்றம் தடை போடும் அளவுக்குப் போனது. 2019-ல் பஸ் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாக விழுந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தம்பிகளே, நாங்கள் கொண்டாடியது வேறு!

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. வண்டிகள் ஏன் உரிய காலத்தில் மாற்றப்படவில்லை? பணம்தான். 2001 டிசம்பருக்குப் பிறகு 2011 நவம்பர் வரை கட்டணம் பெரிதாக உயர்த்தப்படவே இல்லை. டீசல் விலையோ யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அந்த இடைவெளியில் வெள்ளை போர்டு சாதாரண வண்டிகள் குறைந்து, எக்ஸ்பிரஸ், எம் சர்வீஸ், டீலக்ஸ் என்று போர்டுகள் பெருகின. உயர்த்தாமலே உயர்த்துவதற்கு அது ஒரு வழி என்று நான் நினைக்கிறேன். 2009 வாக்கில் மத்திய அரசின் நேரு நகர்ப்புறத் திட்டப் பணத்தில் புதுப் பேருந்துகள் வந்தபோது ஊரே கொஞ்சம் பளபளத்தது. மாடி பஸ் அதற்கு முந்தைய வருஷமே விடைபெற்றுவிட்டது. 2018 ஜனவரியில் கட்டணம் மறுபடி ஏறியது. கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், அரசும் கொஞ்சம் குறைத்துக்கொண்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் வராத இடத்தில்தான் துரு வந்தது.

வண்டியின் ஆயுள் வரம்பும் இதற்கிடையில் ஆறு ஆண்டிலிருந்து ஒன்பதாக நீண்டது. 2020-ல் கொரோனா வந்து மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை பொதுச் சேவை நின்றது. புதிய கொள்முதலில் தாழ்தளப் பேருந்து வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் தரப்பில் உயர்நீதிமன்றத்தில் வழக்கு. அது நியாயமான வழக்கு. 900 மில்லிமீட்டர் உயரத் தரையில் சக்கர நாற்காலி எப்படி ஏறும்? 400 மில்லிமீட்டர் தரை வேண்டும் என்றார்கள். ஆனால் அது தீரும்வரை பழைய வண்டிகளே இழுத்துக்கொண்டிருந்தன. 2021 மே மாதம் முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். வண்டிக்குக் கூட்டமும் கூடியது.

2024 பிப்ரவரியில் அமைந்தகரை அருகே ஓடும் பேருந்தின் தரைப் பலகை உடைந்து ஒரு பெண் ஓட்டைக்குள் சிக்கினார். நல்லவேளையாக உயிர் தப்பினார். செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பெரியவரின் குதிகால்தான் ஞாபகம் வந்தது. அதே ஏப்ரலில் திருச்சியில் வண்டி திரும்பும்போது கண்டக்டர் சீட்டோடு வெளியே வீசப்பட்டார். எல்லாப் பேருந்துகளையும் 48 மணி நேரத்தில் சோதிக்கத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். இரண்டு நாளில் பார்த்துவிடக்கூடியதை அத்தனை வருஷம் ஏன் பார்க்கவில்லை என்று யாராவது கேட்டார்களா, தெரியவில்லை.

அதன்பின் மாற்றம் வேகம் பிடித்தது. ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடனில் புதிய பேருந்துகள். 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள். அதில் ஒரு புதுமை. வண்டி தனியார் நிறுவனத்துடையது, டிரைவர் அவர்கள் ஆள், கண்டக்டர் மட்டும் கழகத்து ஆள். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கும். தொழிற்சங்கங்கள் இதை எதிர்க்கின்றன. 1947-ல் தனியாரிடமிருந்து வாங்கிய தொழிலை மெல்லத் திருப்பிக் கொடுக்கிறோமா என்ற அவர்கள் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். வண்டி ஓடாவிட்டால் காசு இல்லை என்பதால் பராமரிப்பு ஒழுங்காக நடக்கும் என்கிறது மறுபக்கம். பத்து வருஷம் போனபின் அந்தத் தரையைத் தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

என் தோழனின் அப்பா இன்று இல்லை. போன மாதம் தோழனும் நானும் மின்சாரப் பேருந்தில் ஏறினோம். சத்தமே இல்லை, பானட்டும் இல்லை. அவன் கம்பியைப் பிடித்தபடி குதிகாலால் இரண்டு தட்டு தட்டினான். பக்கத்தில் நின்ற மாணவி எங்களை ஒரு மாதிரி பார்த்தாள்.

பழைய கன்செஷன் பாஸ், டிக்கெட், பஸ் டே போட்டோ எதுவாவது யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் ஒன்றுகூடல் அன்று கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறோம்.