கமிகாசே விமானிகள்: வகுப்பறையில் தொடங்கிய பயணம்

இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், எதிரிக் கப்பல்மீது விமானத்தோடு மோதி மாண்ட ஜப்பானிய விமானிகளைக் குறித்து மாணவர்கள் வியப்புடன் வினவுவதுண்டு. அவர்களை மாவீரர் என்போரும் உளர். வெறியர் என்போரும் உளர். இவ்விரு சொற்களிலும் முழு உண்மை அடங்காது என்பது என் கருத்து.

'கமிகாசே' என்றால் தெய்வக் காற்று. 1274, 1281ஆம் ஆண்டுகளில் படையெடுத்து வந்த மங்கோலியரின் கப்பல்களைச் சிதறடித்த புயல்களுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் அது. 1944 அக்டோபரில், தோல்வி நெருங்கிய வேளையில், கடற்படைத் தளபதி ஒனிஷி தகிஜிரோ பிலிப்பைன்ஸில் இப்பெயரால் தற்கொலைப் படையை அமைத்தார். அம்மாதம் 25ஆம் நாள் அமெரிக்காவின் 'செயின்ட் லோ' விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 3,800 விமானிகள் இவ்வாறு மாண்டனர்.

இவர்கள் யார்? பலர் இருபது வயதும் நிரம்பாதவர்கள். இன்னும் பலர் பல்கலைக்கழக மாணவர்கள். 1943இல் கலைத்துறை மாணவர்களுக்கான படைச்சேவை விலக்கு நீக்கப்பட்டதால் சீருடை அணிந்தவர்கள். 'விருப்பத்துடன் சென்றனர்' என்கிறோம். மேலதிகாரியும் தோழர்களும் சூழ்ந்து நிற்க, 'விருப்பமில்லை' என்று சொல்வது எளிதா?

கெய்யோ பல்கலைக்கழக மாணவர் உஎஹாரா ரியோஜியை எண்ணிப் பாருங்கள். சர்வாதிகார நாடு இறுதியில் தோற்றே தீரும் என்று புறப்படுவதற்கு முன்னிரவில் எழுதி வைத்தார். மறுநாள், 1945 மே 11 அன்று, சிரான் தளத்திலிருந்து பறந்து சென்று மாண்டார். அவருக்கு வயது 22. நம்பாத ஒன்றுக்காகவே அவர் உயிர் போயிற்று.

இதில் பள்ளிகளுக்கும் பங்குண்டு. நெருக்கடி வரின் நாட்டுக்குத் தம்மை ஈந்திட வேண்டும் என்று கூறும் 1890ஆம் ஆண்டின் பேரரசர் கல்வி ஆணை, பள்ளி விழாக்களில் பயபக்தியுடன் வாசிக்கப்பட்டது. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இது.

போருக்குப்பின் ஜப்பானிய ஆசிரியர்கள் இதை உணர்ந்தனர். தம் மாணவர்களை மீண்டும் போர்க்களத்திற்கு அனுப்பமாட்டோம் என்பதை அவர்தம் சங்கம் 1951இல் முழக்கமாக ஏற்றது.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! பணிவைக் கற்பிக்கும் நாம், 'ஏன்?' என்று கேட்கும் துணிவையும் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.