தளபதியும் தம்பியும்

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் எனச் செயற்குழுவினர் பணித்தனர். நான் வரலாறு கற்ற புலவன் அல்லேன். மெட்ரிகுலேஷன் வரை பயின்று ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் கழிப்பவன். எனினும் அண்மையில் ஒரு விடுமுறை நாளில் வீட்டில் கண்ட திரைப்படம் என் உள்ளத்தில் எழுப்பிய கேள்வியை உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

'பேட்டன்' என்பது அப்படத்தின் பெயர். 1970-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடுவது. ஆஸ்கர் பரிசுகள் ஏழு பெற்றது. இரண்டாம் உலகப் போரில் புகழ் பெற்ற ஜெனரல் ஜார்ஜ் பேட்டனின் வரலாறே கதை. மாபெரும் கொடியொன்றின் முன் தளபதி தனித்து நின்று முழங்கும் முதற் காட்சியிலேயே நாம் கட்டுண்டு விடுகிறோம். வட ஆப்பிரிக்காவின் துனிசியா, பின்னர் சிசிலித் தீவு, அதன்பின் பிரான்ஸ் என டாங்கிகள் உருண்டோடுகின்றன. சிசிலியில் மருத்துவமனையில் கிடந்த போர்வீரன் ஒருவனைக் கோழை என்றிகழ்ந்து அறைகிறார் பேட்டன். படத்தில் காண்பது ஓர் அறை. வரலாற்றில் நிகழ்ந்தவை இரண்டு, 1943 ஆகஸ்டு 3-ஆம் நாளிலும் 10-ஆம் நாளிலும். அடிபட்டவருள் ஒருவர் மலேரியாவால் நொந்திருந்தவர். இச்செயலுக்காகத் தளபதி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஓராண்டுக் காலம் போர்க்களமும் அவருக்குக் கிட்டவில்லை.

படம் முடிந்ததும் என் மகன் கேட்டான்: "அப்பா, இந்தப் போரில் நம்மவர் யாருமே இல்லையா?"

இருந்தனர், அன்பர்களே! அப்போரில் இந்தியப் படையில் பணியாற்றியோர் 25 லட்சத்துக்கு மேற்பட்டவர். பேட்டன் துனிசியாவில் போரிட்ட அதே நாட்களில், அந்நாட்டின் மற்றொரு முனையில் நான்காம் இந்திய டிவிஷன் போரிட்டது. 1943 மே 12 அன்று அங்கிருந்த ஜெர்மானியப் பெருந்தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்தது இந்த டிவிஷனிடமே. இவ்வணியில் பாலம் கட்டவும், பாதை அமைக்கவும், கண்ணிவெடி அகற்றவும் சென்றவருள் மதராஸ் சாப்பர்களும் இருந்தனர்.

அவர்கள் யாவர்? அல்சூர் ஏரிக்கரையில் நாம் நாளும் கடந்து செல்லும் ராணுவ வளாகத்திற்கு உரியவர்களே. 1780-இல் சென்னையில் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கிய இப்படைக்கு இன்று மதராஸ் இன்ஜினீயர் குரூப் என்று பெயர். இப்படை வீரரை அதிகாரிகள் அழைக்கும் செல்லப்பெயர் 'தம்பி' என்பதாம். முள்வேலியைத் தகர்க்க உலகப் படைகள் கையாண்ட 'பெங்களூர் டார்பீடோ' என்னும் வெடிக்குழாயும் இந்நகரில் இப்படையில் பிறந்ததே. கேப்டன் மெக்லின்டாக் என்பவர் 1912-இல் அதனை உருவாக்கினார். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கர் வேலியைப் பிளந்ததும் அதனால்தான்.

அந்தத் தம்பிகளுள் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியம். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தவர். 1944 பிப்ரவரியில் இத்தாலியில், காசினோவை அடுத்த மிக்னானோ என்னும் இடத்தருகே அவர் பணியில் இருந்தார். பேட்டன் அப்போது இங்கிலாந்தில் களமின்றிக் காத்திருந்தார். 24-ஆம் நாள் கண்ணிவெடிகளுக்கிடையே பாதை திருத்தும் வேளையில், கருவியேந்தி முன்சென்ற வீரரின் காலடியில் சிறு வெடிப்பு எழுந்தது. நிலத்தினின்று துள்ளியெழுந்து சிதறும் வகைக் கண்ணி அது. முதல் ஓசைக்கும் பெரு வெடிப்புக்கும் இடையே நான்கு நொடிகளே உண்டு. அதனை நன்கறிந்த சுப்பிரமணியம் ஓடி ஒளியவில்லை; அக்கண்ணியின் மேல் தம் உடலைக் கிடத்தினார். அவர் மாண்டார், உடனிருந்தோர் பிழைத்தனர். அவ்வாண்டிலேயே ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய விருது அவர் பெயருக்கு வழங்கப்பெற்றது.

'அது வெள்ளையர் கொடியின் கீழ் நடந்த போர் அன்றோ?' எனச் சிலர் வினவலாம். உண்மையே. அதற்கு இரண்டே நாள் முன்னர், பிப்ரவரி 22 அன்றுதான், காந்தியடிகளோடு புனே ஆகாகான் மாளிகையில் சிறையிருந்த கஸ்தூரிபா அம்மையார் உயிர்நீத்தார். இவ்விரு செய்திகளையும் சேர்த்தே நம் மக்களுக்குச் சொல்லல் வேண்டும். ஒன்றை மறைத்து மற்றொன்றைச் சொல்வது வரலாறு ஆகாது. ஆயினும் அந்த நான்கு நொடியில் சுப்பிரமணியம் எண்ணியது பேரரசை அன்று. அருகில் நின்ற தோழர்களையே.

ரயில்வேயில் கீமேன் என்று ஒரு தொழிலாளி உண்டு. சாவியும் சுத்தியலும் சுமந்து நாள்தோறும் தண்டவாளத்தின் வழியே நடந்து, தளர்ந்த இணைப்புகளை இறுக்கிச் செல்வார். அவர் நடந்த பாதையில்தான் நம் வண்டிகள் விரைகின்றன. புதுப்பாதையைத் திறந்து வைத்தவர் பெயர் கல்லில் இருக்கும். கீமேன் பெயரோ நான் எழுதும் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும். பேட்டன் படத்தைக் கண்டபோது என் நினைவில் அவரே நின்றார். தளபதியின் திறனை நான் குறைத்துரைக்கவில்லை. ஆனால் ஒருவர் போர்வீரனை அறைந்தார். மற்றவர் போர்வீரருக்காக வெடியின்மேல் வீழ்ந்தார். முன்னவர்க்கு மூன்று மணி நேரப் படம் உண்டு. பின்னவர் பெயரை நம் குடியிருப்பில் எத்தனை பிள்ளைகள் அறிவர்? அன்று வரை என் மகனும் அறியான்; குற்றம் என்னுடையதே.

உரோமாபுரியில் வெற்றி ஊர்வலம் வந்த தளபதியின் பின் நின்று, புகழ் நிலையாதென்று ஓர் அடிமை காதில் ஓதுவான் என்ற செய்தியோடு படம் நிறைவுறுகிறது. அவ்வடிமையின் பெயரைப் படமும் சொல்லவில்லை.

அன்பர்களே! அடுத்த முறை அல்சூர் ஏரிக்கரையில் பிள்ளைகளோடு செல்லுங்கால் சற்றே நின்று, சுபேதார் சுப்பிரமணியம் என்னும் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். நான்கு நொடியில் அவர் செய்ததைச் சொல்ல நமக்கு ஐந்து நிமிடம் போதும்.